கலப்படம் இல்லாத கராத்தே உண்டா?

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகத் தென்காசி போகும் சாலையில் ஃபிளெக்ஸ் பலகைகள் முளைத்துவிடும். டியூஷன், நீட் கோச்சிங், ஸ்போக்கன் இங்கிலீஷ். இவற்றுக்கு நடுவே ஒரு கராத்தே பலகையும் நிச்சயம் இருக்கும். நடுநாயகமாகப் புரூஸ் லீ. அவர் முதுகுக்குப் பின்னால் ஜப்பானின் சிவப்புச் சூரியன். ஓர் ஓரத்தில் போதிதர்மர், அநேகமாக நடிகர் சூர்யாவின் முகத்தோடு. மறு ஓரத்தில் கறுப்பு பெல்ட் கட்டிய உள்ளூர் மாஸ்டர். அடியில் பொடி எழுத்தில், ‘சிலம்பம், யோகா, கிக் பாக்ஸிங்கும் கற்றுத்தரப்படும்’.

கறாராகப் பார்த்தால் இந்தப் பலகையில் எதுவும் எதோடும் ஒட்டாது. புரூஸ் லீ கராத்தேக்காரர் இல்லை. ஹாங்காங்கில் விங் சுன் படித்து, அமெரிக்காவில் ஜீத் குன் டோ என்று தனி வழி போட்டுக்கொண்டவர். கராத்தே பிறந்த ஒகினாவாவை ஜப்பான் தன்னோடு சேர்த்துக்கொண்டதே 1879-இல்தான்; ஒகினாவாக்காரர்கள் விரும்பிப் போய்ச் சேரவும் இல்லை. போதிதர்மர் யாரையாவது ஒரு குத்தாவது குத்தினார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. ஆனாலும் பலகை அடித்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தோ தெரியாமலோ அவர் உண்மையைத்தான் அச்சடித்திருக்கிறார். கராத்தே அன்று முதல் இன்று வரை ஒட்டுப்போட்ட சமாச்சாரம்தான். பெரும்பாலான பிரிவுகள் ஒட்டுப்போட்ட தையலை மறைக்கப் பாடுபடுகின்றன. தையலை வெளியே தெரியவிட்ட பிரிவு ஒன்று உண்டு. அதன் பெயர் இஷின்ரியு. 1956-இல் ஒகினாவாவில் ஒருவர் தான் படித்த பள்ளிகளை எல்லாம் கலந்து உண்டாக்கியது. தமிழ்நாட்டில் இஷின்ரியு என்றால் கராத்தே உலகத்தில் நினைவுக்கு வருபவர் மதுரைக்காரரான ஷிஹான் ஹுசைனி.

நல்ல சண்டைக்கலை எல்லாமே கலப்புதான் என்று சொன்னால் ஆசான்மார்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பல வாத்தியார்களிடம் படித்த பையன்

ஒகினாவா ஒரு காலத்தில் ரியூக்யு என்ற தனி ராஜ்ஜியம். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நடுக்கடலில் கப்பல் வணிகத்தில் பிழைத்த நாடு. 1392 முதலே சீனாவின் ஃபுஜியான் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. ஒகினாவா அதிகாரிகள் சீனாவுக்குத் தூது போவார்கள். திரும்பும்போது பட்டும் பீங்கானும் மட்டும் கொண்டு வரவில்லை. உள்ளூர்க் கைச்சண்டையும் ஃபுஜியான் குத்துமுறைகளும் கலந்ததுதான் பின்னால் கராத்தே ஆனது. ஆக, வேரிலேயே கலப்பு.

இந்தக் கலை மூடிய வாசலுக்குள் கற்பிக்கப்பட்டது. 1901 வாக்கில் இதோசு அன்கோ என்ற ஆசான் இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எண்ணிக்கை சொல்லி, எல்லோரும் ஒரே சமயத்தில் குத்தும் டிரில் முறை பள்ளிக்கூடம் தந்த கொடை. இன்று சேத்தூரிலும் சாத்தூரிலும் ‘இச், நி, சான்’ என்று பிள்ளைகள் கத்துவது அந்தப் பள்ளிக்கூடத்தின் எதிரொலி. பழைய ஆசான்கள் ஒரு மாணவனுக்குக் கட்டா என்ற அசைவுத் தொடர் ஒன்றை வருடக்கணக்கில் சொல்லிக்கொடுப்பார்கள். வரிசையும் எண்ணிக்கையும் அவர்களுக்குத் தெரியாது.

1908-இல் ஒகினாவாவின் சான் என்ற கிராமத்தில் பிறந்தவர் ஷிமாபுகு. பிற்காலத்தில் தத்சுவோ என்று பெயரை மாற்றிக்கொண்டார். அவர் முதலில் பெரிதாகப் படித்தது கியான் சோதோகு என்பவரிடம். கியான் ஒல்லியான, சின்ன உருவம். எதிரியை நேருக்கு நேர் தாங்காமல் விலகி அடிப்பது அவருடைய பாணி. அது ஷோரின்ரியு வழி. பிறகு மியாகி சோஜுன். கோஜுரியு என்ற பிரிவை நிறுவியவர். சீனாவுக்கு நேரில் போய் வந்தவர். மூச்சை அடக்கி, உடம்பை இறுக்கி, ஊன்றி நின்று அடிப்பது அவர் வழி. இரண்டும் எதிரெதிர்ப் பள்ளிகள். நம் ஊரில் ஒரே பையன் இரண்டு சிலம்ப ஆசான்களிடம் படித்தால் இரண்டு பேரும் பேசமாட்டார்கள். அங்கே அந்த வீம்பு குறைவு போலிருக்கிறது. கியானிடம் படித்தவர்கள் மியாகியிடம் போவது சகஜமாகவே நடந்தது.

மூன்றாவதாக மோதோபு சோகி. இவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அரச குடும்பத்துக் கிளையில் பிறந்து, வீதியில் வம்புக்குப் போய்ச் சண்டை படித்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், 1920-களின் தொடக்கத்தில் கியோத்தோவில் ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரனை மேடையில் வீழ்த்தினார். 1925-இல் ‘கிங்கு’ என்ற பிரபல ஜப்பானியப் பத்திரிகை அந்தச் சண்டையைப் பெரிதாகப் போட்டது. ஆனால் படத்தில் வரைந்தது மோதோபுவை அல்ல, அவருக்குப் பரம வைரியான ஃபுனாகோஷி கிச்சினை! டோக்கியோவில் கராத்தேயைப் பரப்பிய கனவான் ஃபுனாகோஷி. மேடைச் சண்டையையே வெறுத்தவர். பத்திரிகைக்காரர்கள் செய்கிற காரியம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

கடைசியாக ஆயுதங்கள். தைரா ஷின்கென் என்பவரிடம் ஆறடிக் கம்பும் சாய் என்ற மூன்று முனை இரும்பும் படித்தார் ஷிமாபுகு.

1945-இல் ஒகினாவாவில் நடந்த போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் குடிமக்கள் செத்தார்கள். கியான் சோதோகு போர் முடிந்த கையோடு, பசியிலும் களைப்பிலும் அந்த ஆண்டே இறந்தார். ஷிமாபுகு வைத்திருந்த சின்னத் தொழிற்சாலை குண்டுவீச்சில் போனது. போருக்குப் பிறகு மண்ணைக் கிண்டிப் பிழைத்தார். தீவு அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. 1972 வரை அப்படித்தான். மியாகியும் 1953-இல் காலமானார். அண்ணாந்து பார்த்துக் கேட்க வெறுங்கைச் சண்டை கற்றுத்தந்த ஆசான்கள் யாரும் மிச்சமில்லாத வேளையில், 1956 ஜனவரி 15 அன்று, தன்னுடையது இனி தனிப் பிரிவு என்று ஷிமாபுகு அறிவித்தார்.

மணிக்கட்டுத் திருப்பம்

என்னத்தை மாற்றினார்? முதலில் குத்தை.

மற்ற கராத்தே வகுப்புகளில் குத்து இடுப்பிலிருந்து புறப்படும். புறப்படும்போது உள்ளங்கை வானத்தைப் பார்த்திருக்கும். போய்ச் சேரும்போது முழங்கை நேராகி, மணிக்கட்டு திரும்பி, உள்ளங்கை தரையைப் பார்க்கும். கட்டைவிரல் மடங்கி மற்ற விரல்களுக்குக் குறுக்கே கிடக்கும். இஷின்ரியுவில் முஷ்டி முழுக்கத் திரும்பாது. மண்வெட்டிப் பிடியைப் பற்றியிருப்பதுபோலக் கை செங்குத்தாகவே போய்ச் சேரும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேலே படுத்துக்கொள்ளும். முழங்கை முழுசாக நீளுவதற்குள் கை திரும்பி வந்துவிட வேண்டும்.

நீங்களே உட்கார்ந்த இடத்தில் இரண்டையும் செய்து பார்க்கலாம். கையை முழுசாகத் திருப்பிக் குத்தினால் முழங்கை வெளியே விரியும், விலாப்புறம் திறந்துகொள்ளும். செங்குத்தாகக் குத்தினால் முழங்கை விலாவை ஒட்டியே போகும். கட்டைவிரல் மேலே இருப்பதால் மணிக்கட்டு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். மணிக்கட்டு மடங்கிக் கை சுளுக்கிக்கொள்வது புதிதாகக் குத்துப் பழகுகிறவர்களுக்கு வழக்கமான வினை. செங்குத்து முஷ்டியில் அந்த வாய்ப்பு குறைவு.

அடுத்தது தடுப்பு. எதிராளியின் கையை முன்கை எலும்பின் விளிம்பால் தட்டிவிடுவதுதான் பழைய வழக்கம். மாதக்கணக்கில் எலும்போடு எலும்பு மோதி, கை நீலம் பாரித்து, பிறகு மரத்துப்போகும். அதைத்தான் ‘கை உரமேறிடுச்சு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ஷிமாபுகு முன்கையைக் கொஞ்சம் திருப்பி, சதைப்பற்றான பக்கத்தில் அடியை வாங்கச் சொன்னார். உதைகளைப் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயே நிறுத்தினார். நிற்கும் நிலையையும் உயர்த்தினார். கால்களை அகலப் பரப்பித் தொடை நடுங்க உட்காரும் நிலைகள் குறைந்தன. தெருவில் நடந்து போகிறவன் திடீரென்று நின்றால் எப்படி நிற்பானோ, கிட்டத்தட்ட அந்த நிலை வந்தது.

இஷின்ரியுவில் வெறுங்கைக் கட்டாக்கள் எட்டு. செய்சான், நைஹான்சி, வான்சு, சிந்தோ, குசான்கு என்ற ஐந்தும் ஷோரின்ரியு வழியில் வந்தவை. செய்உன்சின், சான்சின் இரண்டும் மியாகியின் கோஜுரியு சொத்து. எட்டாவதான சுன்சு ஷிமாபுகுவே கோத்தது. மற்ற ஏழிலிருந்தும் அசைவுகள் அதில் எட்டிப்பார்க்கும். ஐந்து, இரண்டு, ஒன்று. எங்கிருந்து எவ்வளவு எடுத்தேன் என்று கணக்குச் சொல்லிவிட்டுக் கலந்த சண்டைக்கலைகள் உலகத்தில் அதிகம் இல்லை.

ஊரார் கைதட்டவில்லை. கையைத் திருப்பாமல் குத்துவதா என்று பழைய மாணவர்கள் பலர் விலகிப்போனார்கள். கூடப்பிறந்த தம்பி எய்சோவே அண்ணன் பின்னால் வரவில்லை. ஷோரின்ரியுவிலேயே நின்று அதில் பெரிய ஆசான் ஆனார். ஷிமாபுகுவைத் தூக்கி நிறுத்தியவர்கள் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர். தீவில் முகாம் போட்டிருந்த இருபது இருபத்தொரு வயதுப் பையன்கள். மொழி புரியாது. ஷிமாபுகு செய்து காட்டுவார், அவர்கள் செய்வார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஊர் திரும்பியாக வேண்டும். அதற்குள் கறுப்பு பெல்ட் வேண்டும். மற்ற ஒகினாவா ஆசான்கள் முகம் சுளிக்க, ஷிமாபுகு கொடுத்தார். டான் நேகிள் நியூஜெர்சியிலும், ஹெரால்ட் லாங் டென்னசியிலும், ஸ்டீவ் ஆம்ஸ்ட்ராங் வாஷிங்டன் மாநிலத்திலும் பள்ளி தொடங்கினார்கள். பிரிவின் சின்னத்தைக்கூட வரைந்தவர் அட்வின்குலா என்ற ஃபிலிப்பைன்ஸ் வம்சாவளி அமெரிக்கப் படைவீரர்தான். பாதி பெண், பாதி கடல்நாகம் என்று ஷிமாபுகு கண்ட கனவைச் செங்குத்து முஷ்டி வடிவத்துக்குள் அடைத்தார் அவர்.

ஒருவர் ஒரு வருடம் படித்ததும், இன்னொருவர் அதற்கு இரண்டு வருடம் கழித்துப் படித்ததும் ஒன்றாக இல்லை. ஷிமாபுகு இடையிலேயே மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் பழைய திருகுக் குத்துக்கே கொஞ்ச காலம் திரும்பினார் என்றும் மூத்த மாணவர்கள் சொல்வதுண்டு. 1975-இல் அவர் மறைந்ததும் மகன் கிச்சிரோ ஒரு பக்கம், மருமகன் உயெசு ஒரு பக்கம், அமெரிக்க மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம். இஷின்ரியு அதற்குப் பிறகு ஒரே அமைப்பாக இருந்ததில்லை.

வங்கத்துக்கு வந்த ஜப்பான், மதுரையிலிருந்து போன கராத்தே

இந்தியாவுக்கு ஜப்பானியச் சண்டைக்கலை கராத்தேயோடு வரவில்லை. சாந்திநிகேதனில் தாகூர் 1905-இலேயே சானோ ஜின்னோசுகே என்ற ஆசானை வரவழைத்து ஜூடோ சொல்லிக்கொடுக்க வைத்தார். 1929-இல் தகாகாகி ஷின்சோ வந்தார். பெண் பிள்ளைகளும் படித்தார்கள். அந்தக் காலத்து வங்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இவ்வளவு நல்ல ஆசானை நாட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று தாகூர் கல்கத்தாக்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை. தகாகாகி மூட்டை கட்டினார்.

கவிச்சக்கரவர்த்தியால் முடியாததை ஒரு சினிமா செய்தது. 1973-இல் ‘என்டர் தி டிராகன்’. நம் ஊர் டென்ட் கொட்டகைகளுக்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. வந்த பிறகு தெருவுக்குத் தெரு சைக்கிள் செயினும் இரண்டு கட்டையும் சேர்த்து நுன்சாக்கு தயார். தன் கைமுட்டியிலேயே அடித்துக்கொண்டு வீங்கிய பையன்கள் எண்ணிக்கை சொல்லி மாளாது. 1983 பொங்கலுக்கு ரஜினிகாந்தின் ‘பாயும் புலி’ வந்தது. ஷாவ்லின் படத்தைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட கதை. அந்தக் காலத்தில்தான் கராத்தே ஒரு பட்டமாகவும் மாறியது. நடிகர் கராத்தே மணி, சென்னைத் துணை மேயராக இருந்த கராத்தே தியாகராஜன். ‘கவிஞர்’, ‘புலவர்’ வரிசையில் ‘கராத்தே’யையும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட ஊர் தமிழ்நாடு தவிர வேறு எதுவும் இருக்குமா என்று தெரியவில்லை.

இந்த அலையில் எழுந்தவர்தான் ஹுசைனி. 1986-இல் கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ படத்தில் முகம் காட்டினார். ‘வேலைக்காரன்’, ரஜினி நடித்த ஆங்கிலப் படமான ‘பிளட்ஸ்டோன்’ என்று சில படங்கள். 2001-இல் ‘பத்ரி’யில் விஜய்க்குச் சண்டைப் பயிற்சி தரும் ஆசானாக வருவார், பலருக்கு அவர் நினைவில் நிற்பது அந்த வேடத்தில்தான். ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் சினிமாவுக்கு வருவதற்கு முன் சென்னையில் கராத்தே படித்தது இவரிடம்தான். ஓவியம், சிற்பம், வில்வித்தை என்று கை வைக்காத துறை குறைவு.

கோமாளித்தனத்துக்கும் குறைவில்லை. 2015 பிப்ரவரியில், ஜெயலலிதா மீண்டும் முதல்வராக வேண்டும் என்று தன் கைகால்களில் ஆணி அடித்துச் சிலுவையில் தொங்கினார். உறைந்த ரத்தத்தில் ஜெயலலிதாவுக்குச் சிலை செய்தார். அந்தச் செய்திகளில் கராத்தே ஆசான் அடிபட்டுப் போனார் என்பது என் வருத்தம். ரத்தப் புற்றுநோய் கண்டு 2025 மார்ச் 25 அன்று இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாக அறிவித்திருந்தார். ஓடு உடைப்பதும் ஐஸ்கட்டி பிளப்பதும் தெருக்கூத்தாகிவிட்ட காலத்தில், செங்குத்து முஷ்டியை விடாமல் பிடித்திருந்த சிலரில் அவர் ஒருவர். ஒகினாவாவில் ஒரு விவசாயி கலந்த கலை, அமெரிக்கப் படைவீரர்கள் கையில் வளர்ந்து, தமிழ்நாட்டில் ஒரு மதுரைக்காரரின் அடையாளம் ஆனது.

வெள்ளை உடுப்பும் வண்ண பெல்ட்டும்

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம். அப்பா அம்மாக்கள் பணம் கட்டுவது பெரும்பாலும் அதற்குத்தான். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன், கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் கிரேடிங், ஒவ்வொரு கிரேடிங்குக்கும் ஃபீஸ். இது ஜப்பானின் ஆயிரமாண்டு மரபு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டும் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோவின் ஏற்பாடு. 1880-களுக்கு முந்தியது இல்லை. 1922-இல் டோக்கியோவில் கராத்தே செய்து காட்டப்போன ஃபுனாகோஷிக்குப் போட்டுக்கொள்ள உடுப்பு இல்லாமல், ஜூடோ உடுப்பைப் பார்த்துத் தானே தைத்துக்கொண்டார். இடையில் வரும் வண்ணங்களோ 1920-30களில் ஐரோப்பாவில் ஜூடோ கற்றுக்கொடுத்தவர்கள் பழக்கப்படுத்தியவை. வெள்ளைக்காரர்களுக்குப் பொறுமை போதாது, நடுவழியில் ஏதாவது கொடுத்தால்தான் நிற்பார்கள் என்ற கணக்கு. நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்திப்போனது.

கலப்பை ஜப்பானியர்கள் மறைத்த விதமும் சுவாரசியம். ‘சீனக் கை’ என்று எழுதப்பட்டு வந்த பெயரை, அதே உச்சரிப்பில் ‘வெறுங்கை’ என்று பொருள் வரும் எழுத்துக்கு மாற்ற 1936-இல் நாஹாவில் ஆசான்கள் கூடி ஒப்புக்கொண்டார்கள். சீனாவோடு ஜப்பான் போருக்கு நின்ற காலம் அது.

நாம் மட்டும் என்ன? 2011 தீபாவளிக்குச் சூர்யா போதிதர்மராக நடித்த ‘ஏழாம் அறிவு’ வந்ததிலிருந்து, கராத்தேயும் குங்ஃபூவும் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் கொண்டுபோனவை என்று அடித்துச் சொல்கிறோம். போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது. தென்னிந்திய அரசரின் மகன் என்று சொல்லும் பழைய குறிப்பும் உண்டு. சரி, தென்னாட்டவர் என்றே வைத்துக்கொள்வோம். சண்டை? அவர் எழுதியதாகச் சொல்லப்படும் உடற்பயிற்சி நூல் 1624 வாக்கில் வேறொருவர் எழுதி அவர் தலையில் கட்டியது. தாங் ஹாவோ என்ற சீன ஆய்வாளர் 1930-களிலேயே இந்தக் கதைகளை உடைத்துப் போட்டார். ஷாவ்லின் குத்துக்கலை போதிதர்மரிடமிருந்து வந்தது என்ற பேச்சு சீனாவிலேயே பரவலானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு நாவல் வழியாக. அவர்களுக்கு ஒரு நாவல், நமக்கு ஒரு சினிமா.

பாளையத்துக் கம்பும் ஒகினாவா கம்பும்

சேத்தூர் மண்ணுக்குச் சண்டைக்காக வெளியூர் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டிய தேவை இல்லை. பூலித்தேவன் காலத்து மேற்குப் பாளையங்களில் சேத்தூரும் ஒன்று. கம்பும் வேலும் வளரியும் இந்தப் பக்கத்தில் பிழைப்போடு இருந்தவை. பாஞ்சாலங்குறிச்சியும் மருது சகோதரர்களும் வீழ்ந்த பிறகு 1801 டிசம்பர் 1 அன்று கும்பினி வெளியிட்ட பிரகடனம் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது, கோட்டைகள் இடிக்கப்பட்டன, பாளையங்கள் ஜமீன்களாயின. சேத்தூரும் ஜமீன் ஆனது. ஆயுதத்தைப் பறித்ததால்தான் வெறும் கம்பு சிலம்பமாக நிலைத்தது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு.

இதே பேச்சு அச்சுப் பிசகாமல் ஒகினாவாவிலும் இருக்கிறது. 1609-இல் ஜப்பானின் சத்சுமா பிரபுக்கள் தீவைப் பிடித்து ஆயுதங்களைத் தடைசெய்தார்கள்; அதனால் குடியானவர்கள் வெறுங்கையால் சண்டை பழகினார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கராத்தேயைக் காத்தவர்கள் பெரும்பாலும் அரண்மனையைச் சார்ந்த அதிகாரிக் குடும்பங்கள். மோதோபு அரச கிளை, கியானின் தகப்பனார் அரசரின் பணியாளர். குடியானவனுக்கு நாளெல்லாம் வயல் வேலை. கட்டா பழக ஏது நேரம்? நம் கம்பும் 1801-க்குப் பிறகு பிறந்தது அல்ல. ஆடு மேய்க்கிறவன் கையில் அது எப்போதும் இருந்தது. தோற்றவர்களுக்கு இப்படி ஒரு கதை ஆறுதலாக இருக்கிறது, அவ்வளவே.

இரண்டு கம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பிடிபடும். இஷின்ரியுவின் ‘போ’ ஆறடி. கெட்டியான மரம், வளையாது. அதை மூன்று சம பங்காகப் பிரித்துப் பிடிப்பார்கள். இரு முனையும் மாறி மாறி வரும். குத்தும் தட்டலும் அதிகம், சுற்றல் குறைவு. சிலம்பத்தில் கம்பு மூங்கிலோ பிரம்போ, ஆள் உயரத்துக்கு ஏற்ப நெற்றிப்புருவம் வரை இருக்கும், கொஞ்சம் துள்ளும். பிடி ஒரு முனைக்குப் பக்கமாக. கம்பு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடி அந்தச் சுற்றிலிருந்து விழும். காலடிதான் பாதி வித்தை. சலாம் வரிசை எடுத்து, காலடி வைத்து வீடு கட்டி விளையாடுகிறவனுக்கு முன்னால் ‘போ’வோடு நிற்பவன் எந்த இடைவெளியில் நுழைவது என்று திகைப்பான். நுழைந்துவிட்டால் சிலம்பக்காரன் பாடு திண்டாட்டம்.

இரண்டையும் படித்தவர்கள் கையில் மூன்றாவது ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. தென்மாவட்டங்களில் ஒரே மாஸ்டர் காலையில் கராத்தேயும் மாலையில் சிலம்பமும் சொல்லிக்கொடுப்பது இப்போது சாதாரணம். கராத்தே எண்ணிக்கைக்குச் சிலம்ப வீச்சு பழகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பழைய ஆசான்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இதோசு பள்ளிக்கூடத்துக்குப் போனபோதும் ஒகினாவாவில் யாராவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மாஸ்டர்கள் சிலம்பத்தின் பக்கம் திரும்பியதற்கு வயிற்றுப்பாட்டுக் காரணமும் உண்டு. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. கராத்தேயின் நிலை நேர்மாறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு முறை தலை காட்டியது, பாரிசில் கழற்றிவிட்டார்கள். 2020-இல் உலகக் கராத்தே கூட்டமைப்பு இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. பதவிச் சண்டைகளில் நம்மவர்கள் காட்டிய வேகத்தைக் களத்தில் காட்டியிருக்கலாம்.

சுடிதார் கராத்தே

எனக்கு முக்கியமாகப்படும் கலப்பு வேறு இடத்தில் நடக்கிறது. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி வந்தது. இப்போது ராணி லட்சுமிபாய் பெயரில் சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் நடக்கிறது. ஒரு பள்ளிக்கு மூன்று மாதம், மாதம் 5,000 ரூபாய். பயிற்றுநர் சம்பளம் அதற்குள்தான்.

அங்கே வெள்ளை உடுப்பு கிடையாது. சுடிதார், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்வார்கள். வெறுங்கால், செம்மண் தரை. தலைக்கு மேல் காலைத் தூக்கும் உதை அந்த உடுப்பில் வராது. நல்ல பயிற்றுநர் எட்டு கட்டாவையும் தூர வைத்துவிட்டு எதைச் சொல்லிக்கொடுப்பார்? பேருந்தில் பின்னாலிருந்து தோளைப் பிடித்தால் என்ன செய்வது, மணிக்கட்டைப் பற்றினால் கட்டைவிரல் பக்கமாக எப்படி உருவிக்கொள்வது. அது ஜூஜுட்சு என்ற ஜப்பானியப் பிடிச்சண்டை. முழங்காலுக்குக் குட்டை உதை, விலாவை ஒட்டி நேராகப் போகும் குத்து. இது ஷிமாபுகு சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. சொல்லிக்கொடுப்பவருக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து விலகி ஓடச் சிலம்பக் காலடி. எல்லாவற்றுக்கும் முன்னால், வயிற்றிலிருந்து கத்துவது. பல பிள்ளைகளுக்குக் குத்துவதைவிட அதுதான் கஷ்டம். முதல் வாரத்தில் சத்தமே வராது, சிரிப்புத்தான் வரும்.

ஜூஜுட்சுவும் கராத்தேயும் குத்துச்சண்டையும் கலந்த கூடோ என்ற நவீனக் கலையை 1981-இல் அசுமா தகாஷி ஜப்பானில் தொடங்கினார். முகத்தை மூடும் ஒளிபுகும் தலைக்கவசம், தடித்த உடுப்பு, பெரிய போட்டிகள். மேற்கு இந்தியாவில் அதற்குக் கூட்டம் உண்டு. அரசுப் பள்ளி மைதானத்தில் கலக்கிறவர்களுக்குக் கவசமும் இல்லை, பிரிவுக்குப் பெயரும் இல்லை. ஆனால் யாருக்காக, எந்த உடுப்பில், எந்த ஆபத்துக்காகக் கலக்கிறோம் என்ற தெளிவு அவர்களிடம் இருக்கிறது.

குறை காலத்தில்தான். மூன்று மாதத்தில் வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் கை நீட்டப் பழகும். அடி வாங்கும்போது கண்ணை மூடாமல் இருக்கப் பழக ஒரு வருடமாவது வேண்டும்; எந்த மாஸ்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். பருத்தி மில்லுக்கும் பேண்டேஜ் தறிக்கும் ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் நிறைந்த வட்டாரம் இது. பள்ளிக்கூடத்து வாசலோடு அவர்களுக்கான வகுப்பு நின்றுவிடுகிறது. மில் வளாகத்திலும் ஊராட்சி மைதானத்திலும் ஆண்டு முழுக்க நடத்த, மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் கொஞ்சம் கை நீட்டினால் போதும். வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை, அந்த ஃபிளெக்ஸ் பலகைகளில் போன் நம்பரும் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.